இரண்டாவது நடை வேண்டாம்: சேவை மையத்துக்கு ஐந்து தினசரிப் பழக்கங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், வள்ளியாறு கடலில் சேரும் இடத்தை ஒட்டியிருக்கும் மீனவர் ஊர் கடியப்பட்டணம். ஒரு பக்கம் முட்டம், இன்னொரு பக்கம் மணவாளக்குறிச்சி. பொழுது விடியும் முன்பே இந்தக் கரையில் டார்ச் வெளிச்சம் நடமாடத் தொடங்கிவிடும். கடலுக்குப் போகிறவர்கள் வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கும் முன் சில விஷயங்களைக் கட்டாயம் பார்ப்பார்கள். எஞ்சினுக்கு எண்ணெய் போதுமா? வலை சிக்கல் இல்லாமல் இருக்கிறதா? குடிதண்ணீர் ஏற்றியாச்சா? ஜிபிஎஸ் கருவியில் சார்ஜ் இருக்கிறதா?

இதை யாரும் எழுதி ஒட்டி வைப்பதில்லை. ஆனால் ஒரு நாளும் விடுவதில்லை. "இன்னைக்கு மனசு சரியில்ல, அதனால எண்ணெய் பார்க்காம போயிட்டேன்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நடுக்கடலில் எண்ணெய் தீர்ந்தால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இப்போது, காலை பத்து மணிக்குத் திறக்கும் ஏதோ ஒரு சேவை மையத்தை நினைத்துப் பாருங்கள். முதல் ஆள் வந்து நின்ற பிறகுதான் பிரிண்டரில் மை இல்லை என்பது தெரிகிறது. இரண்டாவது ஆளுக்கு ஸ்கேன் செய்து, படிவம் நிரப்பி, கடைசிப் பக்கத்துக்கு வந்த பிறகுதான் போட்டோ இல்லை என்பது தெரிகிறது. இரண்டு பேருக்கும் ஒரே பதில்: "நாளைக்கு வாங்க."

அந்த மையத்தில் இருப்பவர் மோசமானவர் இல்லை. சிரித்த முகத்தோடுதான் பேசுகிறார். ஆனால் கரையில் வள்ளம் இறக்குபவரிடம் இருக்கும் அந்தத் தினசரிப் பழக்கம் அவரிடம் இல்லை. அதை எப்படி உருவாக்கிக்கொள்வது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

இது இ-சேவை மையம் நடத்துபவர்களுக்கும், 'அனைவருக்கும் இ-சேவை' திட்டத்தில் சொந்தமாக மையம் தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்கும் நேரடியாகப் பயன்படும். ரேஷன் கடை, கூட்டுறவுச் சங்கம், மருந்துக்கடை, மொபைல் கடை என்று மக்களை நேரில் சந்திக்கும் எந்த இடத்துக்கும் பொருந்தும். சேவை பெறப் போகிறவர்களுக்கு என்று கடைசியில் ஒரு பகுதி இருக்கிறது. அதையும் விடாமல் படியுங்கள்.

ஒரு நடையின் விலை என்ன?

சொந்தக் கதை ஒன்றைச் சொல்கிறேன். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் உதவித்தொகைக்கு வருமானச் சான்று தேவைப்பட்டது. அப்பா கடல் தொழிலாளி. முதல் நாள் ஆதார் அட்டையோடு ஒரு மையத்துக்குப் போனோம். "ரேஷன் கார்டு இல்லாம முடியாதே அண்ணே" என்றார்கள். மறுநாள் ரேஷன் கார்டோடு போனோம். "ரேஷன் கார்டுல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு இருக்கே, வேற ஏதாவது சர்ட்டிபிகேட் இருக்கா?" என்றார்கள். மூன்றாவது நாள் அப்பாவின் பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு போய், உறுதிமொழியில் கையெழுத்துப் போட்ட பிறகு மனு போனது.

மூன்று நாளும் யாரும் எங்களைத் திட்டவில்லை. "உட்காருங்க" என்று நாற்காலிகூடப் போட்டார்கள். ஆனால் மூன்று நாளும் அப்பா கடலுக்குப் போகவில்லை. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் கட்டிய கட்டணம் 60 ரூபாய். மூன்று நாள் பாடு போனதை யாரும் ரசீதில் எழுதவில்லை. மூன்றாவது நாள் கேட்டதை எல்லாம் முதல் நாளே கேட்டிருந்தால் இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

கடற்கரை ஊர்களில் இந்தச் சிக்கல் இன்னும் கொஞ்சம் கூடுதல். விடியற்காலையில் போனவர்கள் கரைக்கு வந்து, மீனை ஏலம் விட்டு, வலையைச் சரிசெய்து முடிப்பதற்குள் மதியம் ஆகிவிடும். மீன் விற்கப் போகும் பெண்களுக்கும் காலை நேரம்தான் வியாபாரம். இந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத ஊர்கள் நிறைய. அவர்களுக்கு ஓய்வான அந்த ஒரு நாளில் அரசு அலுவலகங்களுக்கும் விடுமுறை. அதனால் ஒவ்வொரு "நாளைக்கு வாங்க"வும் ஒரு நாள் வருமானத்தில் கை வைக்கிறது.

ஆகவே நல்ல சேவைக்கு ஒரே ஒரு அளவுகோலை வைத்துக்கொள்வோம்: வந்தவர் இரண்டாவது நடை நடக்காமல் வேலை முடிந்ததா?

நல்ல மனசு போதாதா?

போதாது. நல்ல மனசு இருந்தும் மறதி வரும். கூட்டம் கூடினால் பதற்றம் வரும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் யாருக்கும் அலுப்பு வரும். அந்த நேரத்தில் கைகொடுப்பது பழக்கம் மட்டும்தான்.

இதற்கு நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் தொடங்கியபோது அதில் இருந்தது 11 படுக்கைகள். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் தொடங்கிய வேலை அது. இன்று உலகின் மிகப் பெரிய கண் சிகிச்சை நிறுவனங்களில் ஒன்றாக அது வளர்ந்திருக்கிறது. அங்கே அறுவை சிகிச்சை நடக்கும் விதத்தைப் பாருங்கள். ஒரு டாக்டருக்குப் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவரைத் தயார்செய்து வைத்திருப்பார்கள். யார் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது முன்பே முடிவானது. கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள் அந்த வரிசையை ஒவ்வொரு நாளும் மாறாமல் நடத்துகிறார்கள். அதனால்தான் பணம் கட்ட முடியாதவர்களுக்கும் அத்தனை பேருக்குச் சிகிச்சை தர முடிகிறது.

இன்னொன்று. அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படித்துச் சரிபார்க்க 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலை உலக சுகாதார நிறுவனம் தயாரித்தது. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்த முடிவுகள் 2009-ல் வெளியாயின. இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. நோயாளியின் பெயர் சரியா, எந்தப் பக்கம் அறுவை என்பது போன்ற எளிய கேள்விகளே அந்தப் பட்டியலில் அதிகம். பெரிய டாக்டர்களுக்கே பட்டியல் தேவைப்படும்போது நமக்குத் தேவைப்படாதா?

பழக்கம் 1: திறப்பதற்குக் கால் மணி நேரம் முன்

வள்ளம் இறக்கும் முன் பார்ப்பது போல, மையம் திறக்கும் முன் ஐந்து விஷயங்கள்: மின்சாரமும் இன்வெர்ட்டரும், இணையம், பிரிண்டரில் மையும் தாளும், ஸ்கேனர், கைரேகைக் கருவி. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஒரு சோதனைப் பக்கம் அச்சடியுங்கள். அதையே திரும்ப ஸ்கேன் செய்யுங்கள். இரண்டும் ஓடினால் பாதிக் கவலை தீர்ந்தது.

பிறகு இணையதளத்தில் உள்ளே நுழைந்து பாருங்கள். சர்வர் வேலை செய்கிறதா இல்லையா என்பதை வாசலில் ஒரு பலகையில் எழுதிவிடுங்கள். "இன்று வருமானச் சான்று மனு போடலாம். பட்டா தளம் இப்போது இல்லை" என்று இரண்டு வரி போதும். வரிசையில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு "சர்வர் இல்ல" என்று கேட்பதற்கும், வாசலிலேயே அதைப் படித்துவிட்டுத் திரும்புவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

கைரேகைக் கருவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வருடக்கணக்காகக் கயிறு பிடித்து, வலை இழுத்து, உப்புத் தண்ணீரில் ஊறிய விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். கயிறு திரிக்கும் பெண்களுக்கும், முந்திரி ஆலைத் தொழிலாளர்களுக்கும் இதே பாடு. "ரேகை விழல, போயிட்டு வாங்க" என்று சொல்லும் முன் வரிசையாகச் செய்ய வேண்டியவை இருக்கின்றன. கருவியின் கண்ணாடியைத் துணியால் துடையுங்கள். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைக்கச் சொல்லுங்கள். பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்படியும் விழவில்லை என்றால், அந்தச் சேவையில் கருவிழி, முகம், ஓடிபி வழிகளில் எது இருக்கிறதோ அதற்குப் போங்கள். கவுன்டர் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துண்டும் வைத்தால் நிறையப் பேர் திரும்பிப் போகாமல் இருப்பார்கள்.

பழக்கம் 2: முதல் கேள்வி "எதுக்காக வேணும்?"

ஒருவர் வந்து "ஒரு சர்ட்டிபிகேட் வேணும்" என்று சொல்வார். உடனே விசைப்பலகையில் கை வைக்காதீர்கள். "எதுக்காக வேணும் அக்கா?" என்று கேளுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், மக்களுக்குத் தேவை சான்றிதழ் அல்ல. அதைக் கொண்டு நடக்க வேண்டிய காரியம். பிள்ளையின் உதவித்தொகையா, கல்லூரிச் சேர்க்கையா, முதியோர் ஓய்வூதியமா? காரியம் தெரிந்தால்தான் எந்தச் சான்று, யார் பெயரில், எந்தத் தேதிக்குள் என்பது தெரியும். வருமானச் சான்று குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும். போன வருடம் வாங்கியது வீட்டில் இருக்கிறது என்று நம்பி வந்தவரிடம் அதன் தேதியைப் பார்த்துச் சொன்னால், கடைசி நாளில் அலைய மாட்டார்.

காரியம் தெரிந்ததும், தேவையான ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். வாயால் சொன்னால் பாதி மறந்துபோகும். அதிகம் கேட்கப்படும் பத்து சேவைகளுக்கு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு அச்சடித்து வையுங்கள். எது இருக்கிறதோ அதற்கு நேரே டிக், இல்லாததற்கு வட்டம். அந்தச் சீட்டை அவர் கையில் கொடுங்கள். போன் வைத்திருப்பவராக இருந்தால் "இதை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க" என்று சொல்லுங்கள். வீட்டில் போய் யார் தேடினாலும் சீட்டைப் பார்த்து எடுத்துவிடலாம்.

1997 மே மாதம் நடந்த மாநில முதல்வர்கள் மாநாட்டுக்குப் பிறகு நம் நாட்டின் அரசு அலுவலகங்களில் மக்கள் சாசனம் என்ற ஏற்பாடு பரவியது. என்ன சேவை, எத்தனை நாள், எவ்வளவு கட்டணம் என்பதை மக்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். உங்கள் துண்டுச் சீட்டு அதன் சின்ன வடிவம்.

பழக்கம் 3: பெயரை விரல் வைத்துப் படிப்பது

இந்தக் கரையில் மனுக்கள் திரும்பி வருவதற்கு ஒரு முக்கியமான காரணம் பெயர். அந்தோணி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு ஆவணத்தில் 'எச்' இருக்கும், இன்னொன்றில் இருக்காது. மரிய, மரியா, மேரி என்று ஒரே ஆளுக்கு மூன்று வடிவம் இருக்கும். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளியில் கொடுத்த பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது இன்னொன்று. தலைப்பெழுத்து ஒரு அட்டையில் முன்னால், ஒரு அட்டையில் பின்னால், ஒரு அட்டையில் காணவே காணோம்.

மனு போடும் முன் எல்லா ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரல் வைத்து, சத்தமாக ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். பெயர், தலைப்பெழுத்து, அப்பா பெயர், பிறந்த தேதி, கதவு எண். எதிரில் இருப்பவரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஜப்பானில் ரயில் ஓட்டுநர்கள் ஒவ்வொரு சிக்னலையும் விரலால் சுட்டிக்காட்டி, அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவார்கள். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கண், கை, வாய், காது நான்கும் ஒரே விஷயத்தில் நிற்கும்போது தவறு குறைகிறது என்று அங்கே சோதனை செய்தே உறுதிப்படுத்தியிருக்கிறார்கள்.

வித்தியாசம் தெரிந்தால் என்ன செய்வது? மறைக்க வேண்டாம், "பரவாயில்ல, போட்டுப் பார்ப்போம்" என்று சொல்லவும் வேண்டாம். எந்த ஆவணத்தைத் திருத்துவது சுலபம் என்று சொல்லுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரு முறைதான். ஆகவே அவசரப்பட்டு ஆதாரைத் திருத்திவிட்டுப் பிறகு பள்ளிச் சான்றோடு ஒட்டவில்லை என்று முழிக்கக் கூடாது. முதலில் எல்லா ஆவணங்களிலும் எந்த எழுத்து வடிவம் அதிகமாக இருக்கிறது என்று பார்த்து, அதையே நிலையான பெயராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இது ஒரு மனுவோடு முடிகிற விஷயம் இல்லை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது இந்த மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி போன்ற ஊர்களில் வீட்டோடு சேர்ந்து பெட்டியில் இருந்த காகிதங்களும் போயின. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் நிவாரணத்துக்கு ஆவணம் தேவைப்படும். அதை எங்கே வைத்திருந்தார் என்று சொல்ல அந்த ஆள் வீட்டில் இருக்க மாட்டார். சாதாரண நாளில் நீங்கள் சரிசெய்து கொடுக்கும் ஒரு எழுத்து, அப்படிப்பட்ட நாளில் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

பழக்கம் 4: அனுப்பும் முன் மூன்று வரி

மனு போட்டாச்சு, ரசீது அச்சடித்தாச்சு. "சரி, போயிட்டு வாங்க" என்று முடித்துவிடாதீர்கள். மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்.

ஒன்று, மனு எங்கே போயிருக்கிறது. "இது இப்ப கிராம நிர்வாக அலுவலர்கிட்ட போகும், அப்புறம் வருவாய் ஆய்வாளர், அப்புறம் தக்கலை தாலுகா ஆபீஸ்" என்று சொன்னால், அவர் தேவையில்லாமல் நாலு இடத்துக்கு அலைய மாட்டார்.

இரண்டு, அவர் இனி எப்போது வர வேண்டும், அல்லது வரவே வேண்டாமா. சான்றிதழ் தயாரானால் எஸ்.எம்.எஸ் வரும். கியூஆர் கோடும் டிஜிட்டல் கையொப்பமும் உள்ள சான்றை இணையத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம் என்பது இன்னும் பலருக்குத் தெரியாது.

மூன்று, ரசீதில் இருக்கும் மனு எண். அதைப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக் காட்டுங்கள். "இந்த நம்பர்தான் முக்கியம், போட்டோ எடுத்து வச்சுக்கோங்க" என்று சொல்லுங்கள்.

இதோடு இன்னொரு கேள்வியையும் பழக்கமாக்குங்கள்: "மெசேஜ் வந்தா யாரு பார்ப்பா?" கடலுக்குள் கொஞ்ச தூரம் போனதுமே மொபைல் சிக்னல் போய்விடும். ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். அவர் போனுக்கு வரும் "கூடுதல் ஆவணம் தேவை" என்ற செய்தியை அவர் பார்க்கும்போது மனுவே தள்ளுபடி ஆகியிருக்கலாம். கரையில் இருக்கும் மனைவி அல்லது பிள்ளையின் எண்ணைக் கொடுப்பது நல்லதா என்று மனு போடும்போதே கேட்டுவிடுங்கள்.

ஒரு நாள் சர்வர் உண்மையிலேயே கிடைக்காமல் போகலாம். அப்போதும் "நாளைக்கு வாங்க" என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாதீர்கள். "இப்ப தளம் கிடைக்கல பாட்டா. நீங்க கொண்டு வந்த பேப்பரை எல்லாம் பார்த்துட்டேன், சரியா இருக்கு. கிடைச்சதும் போன் பண்றேன், அப்ப வந்தா போதும்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் அன்றைக்கு மறக்காமல் போன் செய்ய வேண்டும். சொல்லிவிட்டுச் செய்யாமல் விடுவதைவிடச் சொல்லாமல் இருப்பதே மேல்.

பழக்கம் 5: பூட்டும் முன் பத்து நிமிடம்

இந்தக் கடற்கரைக்குத் தினக்கணக்கு புதிதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் 1970-களில் மீனவர் சங்கங்கள் உருவானபோது அவற்றின் அடிப்படையே தினக்கணக்குதான். கரையில் சங்கமே மீனை ஏலம் விடும். யார் மீன், என்ன விலை என்பது அன்றன்றே அவரவர் பெயரில் பதிவாகும். அதிலிருந்து ஒரு பங்கு கடனுக்கும் ஒரு பங்கு சேமிப்புக்கும் போகும். மீன் பட்ட நாளில் கூடுதல், படாத நாளில் ஒன்றும் இல்லை. இப்படி ஒவ்வொரு நாளும் எழுதியதால்தான் வட்டிக்கு விடும் வியாபாரியிடமிருந்து பலர் வெளியே வர முடிந்தது. இத்தகைய சங்கங்கள் சேர்ந்து 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, அதாவது சிஃப்ஸ், உருவானது.

சேவை மையத்துக்கும் ஒரு தினக்கணக்கு வேண்டும். பணக்கணக்கைச் சொல்லவில்லை, அது எப்படியும் எழுதுவீர்கள். ஒரு சாதாரண நோட்டில் இன்று யாரைத் திருப்பி அனுப்பினேன், ஏன், முதலிலேயே என்ன கேட்டிருந்தால் அனுப்பியிருக்க வேண்டாம் என்று மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். பெயர்கூட வேண்டாம், "வருமானச் சான்று, போட்டோ இல்லை" என்றால் போதும். ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் காரணங்கள் நாலைந்துதான் இருக்கும். போட்டோதான் காரணம் என்றால் வாசல் பலகையில் போட்டோ என்று பெரிதாக எழுதுங்கள். பெயர்தான் என்றால் மூன்றாவது பழக்கத்தில் இன்னும் கவனம் வையுங்கள்.

அதே பத்து நிமிடத்தில் இன்னொரு வேலை: மக்களின் ஆவணங்களை அழிப்பது. கம்ப்யூட்டரின் முகப்பில், வாட்ஸ்அப்பில், ஸ்கேன் கோப்புறையில் கிடக்கும் ஆதார், வங்கிப் புத்தக நகல்களை அன்றே நீக்குங்கள். தப்பாக அச்சான தாள்களைக் கிழித்துப் போடுங்கள். அதன் பின்பக்கத்தில் கணக்கு எழுத வேண்டாம், கடலை மடிக்கவும் கொடுக்க வேண்டாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே 2023-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. ஓடிபி எண்ணைச் சத்தமாகச் சொல்லச் சொல்லாதீர்கள். அவரையே தட்டச் சொல்லுங்கள், அல்லது திரையைக் காட்டச் சொல்லுங்கள். உங்களை நம்பித்தான் அந்த அட்டையை நீட்டுகிறார்.

பழக்கம் ஒட்டிக்கொள்ள எத்தனை நாள் ஆகும்?

21 நாள் என்று பலர் சொல்லக் கேட்டிருப்போம். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 96 பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு புதிய செயல் யோசிக்காமலே வரும் அளவுக்குப் பழகச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளில் வந்துவிட்டது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். அதே ஆய்வில் இன்னொரு ஆறுதலான விஷயமும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை. மறுநாள் தொடர்ந்தால் போதும்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை:

- ஐந்தையும் நாளைக்கே தொடங்காதீர்கள். ஒன்றை எடுங்கள். அது கைவந்த பிறகு அடுத்தது.

- ஏற்கெனவே தினமும் செய்யும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். "கம்ப்யூட்டர் ஆன் செய்ததும் சோதனைப் பக்கம் அச்சடிப்பேன்." "ஷட்டரை இறக்கும் முன் நோட்டை எழுதுவேன்." நேரத்தைவிட இந்த முடிச்சு நன்றாக ஞாபகம் இருக்கும்.

- இரண்டு பேர் வேலை செய்யும் இடமென்றால், யார் எதைச் செய்வது என்று பேசி முடிவு செய்யுங்கள். "ரெண்டு பேருல யாராவது பார்த்துப்பாங்க" என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

- கூட்டம் உள்ள நாளில்தான் பழக்கத்தை விடத் தோன்றும். பெயரைப் படித்துப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். திரும்பி வரும் மனுவை மறுபடி போட அரை மணி நேரம் ஆகும். அவசர நாளில் அந்த இரண்டு நிமிடம்தான் லாபம்.

கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு

சேவை பெறப் போகிறவர்களும் கையில் இருக்கும் போனைக் கொண்டே பாதி அலைச்சலைக் குறைக்கலாம்.

- டிஜிலாக்கர் செயலியில் ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று போன்றவற்றைச் சேர்த்து வையுங்கள். 2015 முதல் நடைமுறையில் இருக்கும் இதில் துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணங்கள் அசலுக்குச் சமம். வீடு நனைந்தாலும், பெட்டி தொலைந்தாலும் அவை போகாது.

- மையத்துக்குக் கிளம்பும் முன் வீட்டில் உள்ள எல்லாருடைய பெயரும் எல்லா அட்டையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். வெயிலில் நின்று கண்டுபிடிப்பதைவிட வீட்டில் கண்டுபிடிப்பது நல்லது.

- "வேற என்னெல்லாம் வேணும்? எல்லாத்தையும் இப்பவே சொல்லிடுங்க" என்று நீங்களே கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

- கட்டணத்துக்கு ரசீது வாங்குங்கள். அதில் உள்ள தொகையும் நீங்கள் கொடுத்த தொகையும் ஒன்றா என்று பாருங்கள்.

- மனு தாமதமானாலோ, காரணம் சொல்லாமல் அலையவிட்டாலோ முதல்வரின் முகவரி துறையின் 1100 உதவி எண்ணுக்குப் பேசலாம். ஆதார் சம்பந்தமான சந்தேகம் என்றால் 1947.

- நல்ல சேவை கிடைத்தால் அதையும் சொல்லுங்கள். "நீங்க சொன்னபடியே போன் பண்ணீங்க, நன்றி" என்ற ஒரு வரி அடுத்த நாள் அவர் பழக்கத்தைத் தொடர உதவும்.

இன்று மாலையே ஒன்று

நீங்கள் ஒரு மையத்திலோ கடையிலோ இருப்பவர் என்றால், இன்று பூட்டும் முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ஒரு நோட்டை எடுத்து, இன்று வெறுங்கையோடு திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர், ஏன் என்று எழுதுங்கள். அதில் ஒருவருடைய எண் உங்களிடம் இருந்தால், போன் செய்து "நாளைக்கு வரும்போது இன்னின்ன எடுத்துட்டு வாங்க, எல்லாம் ஒரே தடவையில முடிச்சிடலாம்" என்று சொல்லுங்கள்.

நாளை அவர் வந்து வேலையை முடித்துவிட்டுப் போவார். மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போலக் கடலுக்கும் போவார்.